நினைவு முந்தும், விரல் பிந்தும்: கிட்டாருக்குத் திரும்புவோரின் சாதகம்

இளமையில் சில ஆண்டுகள் கிட்டார் பழகி, பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியதால் அதை உறையிலிட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கையில் எடுப்பவரைப் புதிதாகக் கற்பவர் என்றும் சொல்ல இயலாது, பழகியவர் என்றும் சொல்ல இயலாது. அவருடைய காது பழகியவரின் காது. விரல்களோ புதியவரின் விரல்கள். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன ஒலிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க, அதை ஒலிக்கச் செய்யும் வலிமையும் துல்லியமும் கையை விட்டுப் போயிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்ளாமல், புதியவர்களுக்கான பாடநூலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாலும் சரி, விட்ட இடத்திலிருந்தே தொடர முயன்றாலும் சரி, கிட்டார் சில வாரங்களில் மீண்டும் உறைக்குள் போய்விடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது.

கோலாலம்பூரும் கிள்ளானும் அவற்றுக்கிடையே அடுத்தடுத்து எழுந்த தாமான் எனப்படும் குடியிருப்புகளும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களுக்குக் கிட்டார் அயல் கருவி அன்று. 1960களில் மலாயாவெங்கும் சிங்கப்பூரிலும் பரவிய மின்கிட்டார் குழுக்களை மலாய் மொழி 'கூகிரான்' என்றே பெயரிட்டு அழைத்தது. துள்ளல் கிட்டார் குழு என்று பொருள்படும் மூன்று மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. பினாங்கில் அந்தப் பத்தாண்டின் இறுதியில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களால் உருவான ஆலிகேட்ஸ் குழு, மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் அறியப்பட்டது. தமிழ்த் திரையிசை அதே ஒலியை வேறு வழியாக வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1980இல் வெளியான 'மூடுபனி', 1982இல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய படங்களில் இளையராஜா கிட்டாருக்குக் கொடுத்த இடம், வானொலி கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையின் காதில் அந்தக் கருவியை நிலைநிறுத்தியது. அந்தத் தலைமுறையிலும் அதற்கு அடுத்த தலைமுறையிலும் பலர் இடைநிலைப் பள்ளிக் காலத்தில் நண்பரிடமோ தேவாலயப் பாடகர் குழுவிலோ நான்கைந்து கார்ட்டுகளைக் கற்று, எஸ்பிஎம் தேர்வு ஆண்டில் நிறுத்தியவர்கள். கார்ட் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் கூட்டு. மேலைக் கிட்டார் இசையின் அடிப்படை அலகு அதுவே.

இவ்வாறு நிறுத்தியவர் இழந்தது எவ்வளவு, இழக்காதது எவ்வளவு என்ற கேள்விக்கு ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூல் ஒரு விடை தருகிறது. பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனப்பாடம் செய்து, அவை மறந்துபோகும்வரை விட்டு, மீண்டும் கற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். நினைவில் எதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றிய பட்டியலைக்கூட இரண்டாம் முறை கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆயிற்று. குறைந்த அந்த நேரத்தை அவர் 'சேமிப்பு' என்றார். கிட்டாருக்குத் திரும்புபவரிடமும் இந்தச் சேமிப்பு உண்டு. இருபது ஆண்டுக்கு முன் பழகிய கார்ட் வடிவங்கள் முதல் நாள் மாலையிலேயே ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துவிடுவதற்கு அதுவே காரணம்.

ஆயினும் இந்தச் சேமிப்பு நினைவைச் சார்ந்தது. தோலுக்கும் தசைக்கும் அது கிடையாது. தந்தியை அழுத்தி அழுத்தி விரல் நுனியில் உருவாகும் காய்ப்பு, பழக்கம் நின்றால் சில மாதங்களில் மறைந்துவிடும். சுண்டுவிரலைத் தனியே நீட்டி அழுத்தும் வலிமையும் அவ்வாறே குறையும். முதல் நாளில் நினைவு தரும் உற்சாகத்தில் இரண்டு மணி நேரம் வாசித்தவர், மறுநாள் விரலை வைக்க முடியாமல் வருந்தி, மூன்றாம் நாள் ஒத்திப்போட்டு, அந்த வாரத்தோடு விட்டுவிடுவதற்குச் சோம்பலோ ஆர்வக் குறைவோ காரணம் அன்று. வேகமாகத் திரும்பும் ஒன்றின் அளவைக்கொண்டு மெதுவாகத் திரும்பும் இன்னொன்றை நடத்தியதே காரணம். பயிற்சியின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது கையே என்ற ஒரு விதியை ஏற்றுக்கொண்டால், மற்ற ஒழுங்குகள் அனைத்தும் அதிலிருந்து தாமே கிளைக்கும்.

கைக்கு முன்பாகக் கருவியைக் கவனிக்க வேண்டியுள்ளது. கிட்டார் மரம் பொதுவாக 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் நன்றாக இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 80 விழுக்காடு ஈரப்பதம் உண்டு. பல ஆண்டுகள் அலமாரியின் மேல் கிடந்த கிட்டாரில் மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை உப்பியிருக்கலாம், கழுத்துப் பகுதி வளைந்திருக்கலாம், தந்திகள் துருவேறியிருப்பது ஏறத்தாழ உறுதி. இவற்றின் விளைவாகத் தந்திக்கும் விரற்பலகைக்கும் இடையிலுள்ள உயரம் கூடிவிடுகிறது. கிட்டார் கலைஞர்கள் இந்த உயரத்தை 'ஆக்‌ஷன்' என்பர். எஃகுத் தந்தி கிட்டாரில் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் அருகே இந்த உயரம் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருப்பது வசதியானது; அது 4 மில்லிமீட்டராக இருந்தால் தேர்ந்த கைக்கே வலிக்கும். ஃபிரெட் என்பது வீணையின் மெட்டைப் போல விரற்பலகையின் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பி. எனவே திரும்புபவரின் முதல் செலவு புதிய பாடநூலாகவோ இணைய வகுப்பாகவோ இருப்பதைவிட, கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஆக்‌ஷனைச் சீர்செய்து, மெல்லிய தந்திகளை மாட்டிக்கொள்வதாக இருப்பது நல்லது. பழைய கிட்டாரோடு போராடித் தோற்றவர்கள் பலரும் தம் விரல்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள்; அது வருத்தத்துக்குரியது.

விரல் நுனியைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு அவசியமாகிறது. வெப்பமும் வியர்வையும் மிகுந்த ஊரில் வேலை முடிந்து வீடு திரும்பியவுடன் குளிப்பதே வழக்கம். குளித்த கையோடு கிட்டாரை எடுத்தால், நீரில் ஊறி மென்மையான தோலில் தந்தி ஆழமாகப் பதிந்து, உருவாகிவரும் காய்ப்பும் உரிந்துவிடும். குளியலுக்கு முன்போ, குளித்து ஒரு மணி நேரம் கழித்தோ பழகுவது இதற்கு எளிய தீர்வு. நுனித்தோலில் தோன்றும் எரிச்சல் இயல்பானது, இரண்டு மூன்று வாரங்களில் தணியும். மணிக்கட்டிலோ முன்கையிலோ எழும் வலி அப்படிப்பட்டதன்று. அது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை அளவுக்கு மீறி நெரிக்கிறது என்பதன் அறிகுறியாகப் பெரும்பாலும் இருக்கும். அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும், விரல்கள் மரத்துப்போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி, பயிற்சியின் அமைப்பு. கர்நாடக இசையில் தொடக்கநிலை மாணவர் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற படிகளைக் கடந்தே கீதத்துக்கும் அதன்பின் கீர்த்தனைக்கும் செல்கிறார். இந்தப் படிமுறையை வகுத்தவராக மரபு போற்றுவது 1484 முதல் 1564 வரை வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் புரந்தரதாசரை. பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களிலும், கோயில் மண்டப வகுப்புகளிலும் பிள்ளைப் பருவத்தில் சிறிது காலமேனும் அமர்ந்தவர்கள், இந்த வரிசைகளை ஒரு பாட்டாக நினைவில் வைத்திருப்பார்கள். அவற்றுக்குள் ஒரு பயிற்சிக் கோட்பாடு இருப்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே வரிசையை மூன்று காலத்தில், அதாவது ஒரு தட்டுக்கு ஒரு சுரம், இரண்டு சுரம், நான்கு சுரம் என்று வேகத்தை இரட்டித்துப் பாட வைப்பதில், தாளம் மாறாமல் உள்ளடர்த்தி மட்டும் மாறுகிறது. கைக்கு எது முடியும், எது முடியாது என்பதை ஐந்தே நிமிடத்தில் பிழையின்றிக் காட்டிவிடும் சோதனை இதைவிடச் சிறந்தது வேறொன்று இல்லை எனலாம்.

ஸரளி வரிசை பாடப்படும் மாயாமாளவகௌளை ராகத்தை வழக்கமான சுருதியில் உள்ள கிட்டாரில், முதல் நான்கு ஃபிரெட்டுகளுக்குள்ளேயே வாசித்துவிடலாம் என்பது திரும்புபவருக்கு ஒரு நல்வாய்ப்பு. கிட்டாரின் ஆறு தந்திகளும் கீழிருந்து மேலாக, பெரும்பாலும் ஒவ்வொன்றும் முந்தியதற்குச் சுத்த மத்தியம இடைவெளியில் சுருதி கூட்டப்பட்டவை. மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையில் மட்டும் அந்தர காந்தார இடைவெளி. தடித்ததிலிருந்து இரண்டாவதான ஐந்தாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் கிடைக்கும் ஒலியைச் சட்ஜமாகக் கொண்டால், அதே தந்தியின் முதல் ஃபிரெட்டில் ரிஷபமும் நான்காம் ஃபிரெட்டில் காந்தாரமும் கிடைக்கின்றன. அழுத்தாத நான்காம் தந்தி மத்தியமம். அதன் இரண்டாம் ஃபிரெட் பஞ்சமம், மூன்றாம் ஃபிரெட் தைவதம். மூன்றாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் நிஷாதமும் இரண்டாம் ஃபிரெட்டில் மேல் சட்ஜமும் அமைகின்றன. முதல் ஃபிரெட்டுக்குச் சுட்டுவிரல், இரண்டாவதற்கு நடுவிரல், மூன்றாவதற்கு மோதிரவிரல், நான்காவதற்குச் சுண்டுவிரல் என்று வகுத்துக்கொண்டால், ஏறி இறங்கும் ஒரே வரிசையில் நான்கு விரல்களுக்கும் வேலை கிடைக்கிறது. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குச் சுட்டுவிரலும் சுண்டுவிரலும் விரிய வேண்டிய தூரமே, பலவீனப்பட்ட கை முதலில் மீட்க வேண்டிய தூரமும் ஆகும். மேலைநாட்டுப் பாடநூல்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஃபிரெட்டுகளை வரிசையாக அழுத்தும் இசையற்ற விரற்பயிற்சியைத் தருகின்றன. அதே வேலையை, காது ஏற்கெனவே அறிந்த ஒரு வரிசையைக்கொண்டு செய்வதில், தவறான சுரம் விழுந்த கணமே காது அதைப் பிடித்துக்கொள்ளும் கூடுதல் பயன் உண்டு. கமகங்களைக் கிட்டாரில் கொண்டுவருவது தனிக்கலை. கிட்டார் பிரசன்னா போன்றோர் அதற்காகவே தம் உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்கள். திரும்புபவருக்கு இந்நிலையில் நேரான சுரங்களே போதும்.

மெட்ரோனோம் எனப்படும் தாளக்காட்டியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து முதற்காலத்தில் தொடங்கி, தொடர்ந்து மூன்று முறை தடுமாற்றமின்றி வந்தபிறகே 64க்கு நகர்வது என்ற கட்டுப்பாடு, நினைவின் அவசரத்துக்குப் போடும் கடிவாளம். அன்றைய வேகத்தையும் தடுமாறிய இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் ஓரிரு வரியில் எழுதிவைத்தால், மறுநாள் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் இராது. நேற்றைய உச்ச வேகத்திலிருந்து தொடங்காமல் சற்றுக் கீழிருந்து தொடங்குவது கைக்கு இதமானது.

எவ்வளவு நேரம் என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பிரிட்டனின் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தபோது ஆலன் பேட்லியும் லாங்மனும் நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகிய குழுவினர், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகிய குழுவினரைவிட, மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே அதே திறனை எட்டினர். எனினும் ஒரு மணி நேரக் குழுவினரே தம் பயிற்சி முறையைப் பற்றி மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். நாட்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் விரைவில் முடித்துவிட்டது அவர்கள் கண்ணில் பட்டது. சிறுகச் சிறுகப் பழகுவது பயன் தரும், ஆனால் பயன் தருவதுபோலத் தோன்றாது என்ற இந்த முரணை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பவர் பாதி வழியில் மனம் தளரமாட்டார். வார இறுதியில் மூன்று மணி நேரம் என்பதைவிட, வாரத்தில் ஆறு நாள் அரை மணி நேரம் என்பது, கூட்டிப் பார்த்தால் ஒரே அளவாயினும், கைக்கும் நினைவுக்கும் மிகுந்த நன்மை தரும். முதல் இரண்டு வாரங்களில் அந்த அரை மணியையும் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வது விரல் நுனிக்கு இன்னும் இதமானது.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அமர்ந்தோ நின்றோ செல்பவருக்கு, அந்த அரை மணி எங்கிருந்து கிடைக்கும் என்பது நியாயமான கேள்விதான். பயிற்சியில் கருவி தேவைப்படாத பகுதிகள் சில உண்டு. அவற்றை அந்த ரயிலிலேயே முடித்துக்கொள்ளலாம். பழக விரும்பும் பாட்டைக் கேட்டு, கார்ட் எங்கே மாறுகிறது என்று தொடையில் விரலால் தட்டிக் குறித்துக்கொள்வதும், அடுத்த கார்ட்டில் எந்த விரல் எங்கே போகும் என்று கண்ணை மூடி எண்ணிப் பார்ப்பதும் பயிற்சியே. இரவில் அடுக்குமாடி வீட்டின் மெல்லிய சுவருக்கு அப்பால் அயலார் உறங்கும்போது, தந்திகளின் அடியில், அவை கிட்டாரின் உடலோடு பிணைக்கப்பட்ட பாலத்தை ஒட்டி மடித்த துணி ஒன்றைச் செருகினால், ஒலி மங்கி, விரல் வேலை மட்டும் நடக்கும்.

வரிசைக்குப் பத்து நிமிடம் கொடுத்தால், அடுத்த பத்து நிமிடம் கார்ட் மாற்றத்துக்கு உரியது. திரும்புபவரின் பயிற்சியில் மிகுந்த கவனம் பெற வேண்டிய பகுதி இதுவே. கார்ட்டுகளைத் தனித்தனியே சரியாகப் பிடிப்பவர்கூட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது தாளத்தை நிறுத்திவிடுகிறார், ஏனெனில் கையை முழுவதும் தூக்கி, புதிய வடிவத்தை வெற்றிடத்திலிருந்து கட்டத் தொடங்குகிறார். ஏ மைனர் கார்ட்டிலிருந்து சி கார்ட்டுக்குச் செல்வதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும் சுட்டுவிரலும், நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் இருக்கும் நடுவிரலும் இரு கார்ட்டுக்கும் பொதுவானவை என்பது தெரியும். மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் உள்ள மோதிரவிரல் மட்டுமே ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குத் தாவ வேண்டும். மூன்று விரல் வேலையாகத் தோன்றியது ஒரு விரல் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. சி கார்ட்டிலிருந்து ஜி கார்ட்டுக்குச் செல்லும்போதும், ஜி கார்ட்டை மோதிரவிரல், நடுவிரல், சுண்டுவிரல் கொண்டு பிடிக்கப் பழகினால், மோதிரவிரல் ஐந்தாம் தந்தியிலிருந்து ஆறாம் தந்திக்கும், நடுவிரல் நான்காம் தந்தியிலிருந்து ஐந்தாம் தந்திக்கும் தத்தம் ஃபிரெட்டை விட்டு மாறாமல் ஒரு படி நகர்கின்றன. முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டுவிரல் வந்து அமர்ந்தால் மாற்றம் முடிந்தது. இருபது ஆண்டுக்கு முன் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்று வேறு அடைவில் ஜி கார்ட்டைப் பழகியவருக்கு இது தொடக்கத்தில் அந்நியமாகத் தோன்றும். பழைய பழக்கம் மீண்டும் இறுகிப் படிவதற்கு முன்னரே அதை மாற்றிக்கொள்ள வாய்ப்பு அமைவது, விட்டுத் திரும்பியவருக்கு மட்டுமே உரிய ஆதாயம்.

இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக நூறு முறை செய்து முடிப்பதா, கலந்து செய்வதா என்பதில் ஆய்வாளர்கள் ஷீயும் மார்கனும் 1979இல் கண்டது வியப்பூட்டுவது. மரத்தடுப்புகளைக் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று வகை வரிசைகளை ஒன்றை முடித்து அடுத்தது என்று பழகியவர்கள், பழகும் நேரத்தில் சிறப்பாகச் செய்தனர். மூன்றையும் கலைத்துப் போட்டுப் பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும், பின்னர் சோதித்தபோது அவர்களிடமே திறன் நிலைத்திருந்தது. எனவே புதிய மாற்றம் ஒன்றை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் நாள் அதையே திரும்பத் திரும்பச் செய்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து மூன்று நான்கு மாற்றங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல மாற்றி மாற்றி எடுப்பது பொருத்தமாகும்.

வலக்கை பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போகிறது. தைப்பூசத்தில் பத்துமலைப் படியருகே ஒலிக்கும் உறுமி மேளத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத் தாள உணர்வைப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அந்த உணர்வைக் கிட்டாரின் வலக்கையோடு இணைக்க வேண்டும், அவ்வளவே. பல பாடல்களுக்குப் பொருந்தும் வழக்கமான மீட்டல் முறையைத் 'தகதிமி தகஜுணு' என்ற எட்டுச் சொல்லில் வைத்துப் பழகலாம். ஒற்றைப்படைச் சொற்களில் கை கீழிறங்கும், இரட்டைப்படைச் சொற்களில் மேலேறும். முதல் 'த'வில் கீழ்நோக்கி ஒரு மீட்டு. 'க'வில் கை தந்தியைத் தொடாமல் மேலேறும். 'தி'யில் கீழே, 'மி'யில் மேலே. அடுத்த 'த'வில் கை இறங்கினாலும் தந்தியைத் தொடாது. பிறகு 'க'வில் மேலே, 'ஜு'வில் கீழே, 'ணு'வில் மேலே. நடுவிலுள்ள அந்தத் தொடாத 'த'விலேதான் பெரும்பாலோர் கையை நிறுத்திவிட்டுத் தாளத்தை இழக்கிறார்கள். ஒலி இல்லாத இடத்திலும் கை தன் ஓட்டத்தை விடாமல் நகர்வது, பாடகர் கார்வையில் நிற்கும்போதும் தாளக் கை தொடையில் இறங்குவதற்கு ஒப்பானது. இடக்கையால் எல்லாத் தந்திகளையும் மெல்லத் தொட்டு ஒலியடக்கி, வலக்கையை மட்டும் இச்சொற்களை வாயால் சொல்லியபடி இரண்டு நிமிடம் இயக்கினால், சில நாட்களில் அது படிந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடம் பாட்டுக்கு. இதை ஒருபோதும் தவிர்க்கலாகாது. பயிற்சியை விட்டுப்போனவர் திரும்பி வந்ததே ஒரு பாட்டுக்காகத்தான். ஆனால் எந்தப் பாட்டு என்பதில் நிதானம் வேண்டும். 'இளைய நிலா' பாடலின் தொடக்கத்தில் தனித்தனித் தந்திகளை விரலால் மீட்டும் பகுதி, திரும்புவோர் பெரும்பாலோரின் நெடுநாள் கனவு. முதல் மாதத்தில் அதைத் தொடுவது ஏமாற்றத்தில்தான் முடியும். மூன்று நான்கு திறந்த கார்ட்டுகளில், அதாவது அழுத்தாத தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும் கார்ட்டுகளில், அடங்கும், தாமே பாடக்கூடிய ஒரு பாட்டை எடுத்து, தவறு நேர்ந்தாலும் நிற்காமல் முழுவதும் வாசிப்பதே இந்தப் பத்து நிமிடத்தின் நோக்கம். வரிசையிலும் கார்ட் மாற்றத்திலும் தவறு நேர்ந்தால் நிறுத்தித் திருத்த வேண்டும். பாட்டில் நிறுத்தவே கூடாது. இவ்விரு மனநிலைகளையும் ஒன்றோடொன்று கலந்துவிடுபவரிடம் திருத்தமும் வளர்வதில்லை, ஓட்டமும் வளர்வதில்லை. பாட்டில் சறுக்கிய இடத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், மறுநாளைய கார்ட் மாற்றப் பயிற்சிக்கு அதுவே பாடமாகிவிடும்.

இவ்வாறு ஆறேழு வாரம் சென்றபின் எஃப் கார்ட் எதிர்ப்படும். சுட்டுவிரலை முதல் ஃபிரெட்டில் ஆறு தந்திகளின் மேலும் குறுக்காகப் படுக்கவைத்து அழுத்தும் 'பார்' வகைக் கார்ட் இது. முன்பு பலர் கிட்டாரை உறையிலிட்டதும் இதன் வாசலில்தான். இம்முறை அதை முழுவதும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுட்டுவிரலால் முதல் இரண்டு தந்திகளை மட்டும் அழுத்தி, மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரலையும், நான்காம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் மோதிரவிரலையும் வைத்து, முதல் நான்கு தந்திகளை மட்டும் மீட்டினால் எஃப் கார்ட்டின் எல்லாச் சுரங்களும் கிடைத்துவிடும். சுட்டுவிரலின் தட்டையான உட்புறத்தை விட்டு, எலும்பு சற்று வெளித்தெரியும் கட்டைவிரல் பக்கத்து ஓரத்தை லேசாகச் சாய்த்து, ஃபிரெட் கம்பியை ஒட்டி வைத்தால், பாதி அழுத்தத்திலேயே தந்தி தெளிவாக ஒலிக்கும். ஆறு தந்திகளும் அந்த விரலின் கீழ் அடங்க இன்னும் இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை பாட்டு நிற்காமல் நடக்க நான்கு தந்தி போதும்.